வாப்பாவின் இடது காது

கல்முனை
05.02.2024

அன்புத் தம்பி றமீஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஹிமாயாவும் மகள் அம்ஹாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

வாப்பா கண்மூடி மௌத்தாகிப் பதின்மூன்று நாள். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு நீ கொழும்புக்குக் கார் ஏறினாய். அதற்குப் பிறகு ஒன்பது தரம் போன் எடுத்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். வாயால் சொன்ன சொல்லுக்குச் சாட்சி இல்லை. ஒக்டோபரில் வாப்பாவின் காதிலிருந்து கேட்கிற மெசினைக் கழற்றும்போது, ‘எஞ்சினியர்மாருக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு பத்து நாளில கொண்டு தாறன் ராத்தா’ என்று நீ சொன்னது வாயால்தான். இனி என்ன சொல்வதானாலும் கையால் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பு. நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன கிழமைப் பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். உன் உள்ளங்கையில் வாப்பாவின் மெசின் இருந்தது. ‘இலங்கையரின் கண்டுபிடிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். என் போன் றிப்பெயார் கடையின் பின் அறையில் இரண்டு வருஷம் இருந்து நான் செய்தது அது. அதைக் கண்டுபிடித்தவரின் பெயரை அவர்கள் பிழையாகப் போட்டிருக்கிறார்கள். நீ திருத்திச் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

மெசினைத் திருப்பி அனுப்பு. கேட்கக் காது இல்லாவிட்டாலும் அது இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா முஸ்பிறா


கொழும்பு
17.02.2024

என் அன்பு ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லாரும் நலம். அம்ஹாவுக்கு மட்டும் கொஞ்சம் தடிமன். உங்கள் சுகத்துக்குத் தொழுகையில் கேட்கிறேன்.

கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் இருக்கும், கை வலிக்கிறது. உங்கள் கோபம் எனக்குத் தெரியும். பத்திரிகைக்காரன் கேட்டதில் பாதியைப் போட்டான், மற்றப் பாதியை விட்டுவிட்டான். அடுத்த முறை சரி செய்யலாம்.

மெசினை இப்போது தர முடியாது ராத்தா. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி அளவு எடுத்திருக்கிறார்கள். நான் களவெடுக்கவில்லை. வாப்பாவிடம் கேட்டுத்தான் செய்தேன். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து போன் எடுத்தேன்தானே. ‘வாப்பா, மெசின இன்னுங் கொஞ்ச நாள் வெச்சிருக்கன், நம்மட கொம்பனிப் பேரில பெருசாச் செய்யப் போறன், சம்மதமா’ என்று கேட்டேன். ‘ஓம் மனே, ஓம்’ என்றார். மெசின் இல்லாமலே வடிவாகக் கேட்டுக் கதைத்தார். அவருடைய தஸ்பீஹ் மாலையின் மணி உருளும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஐந்து வருஷத்தில் நீங்கள் இருபத்து மூன்று பேருக்குக் காது மெசின் செய்தீர்கள். ஒருவருக்கு ஒரு மாதம். அதைத் தொழில்நுட்பம் என்று சொல்ல ஏலாது, அது பன்பாய் இழைக்கிற மாதிரி. பெக்டரியில் ஆயிரக்கணக்கில் வந்தால்தான் அது தொழில்நுட்பம். கெட்டித்தனமான சாமான் எதுவும் ஒன்று ஒன்றாகச் செய்து உலகத்தில் நிலைத்ததில்லை. உங்கள் மெசினுக்குள் இருக்கிற சிப் எங்கிருந்து வந்தது? அதையும் நீங்களா பின் அறையில் செய்தீர்கள்?

கோபிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
றமீஸ்


கல்முனை
02.03.2024

தம்பி றமீஸுக்கு ஸலாம். அம்ஹாவுக்குத் தடிமன் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். கற்பூரவள்ளி அவித்துக் கொடுக்கச் சொல்லு.

சிப் பற்றி நீ கேட்டது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் கட்டாரிலிருந்து வந்த பழைய மெசின்களைப் பிரித்து எடுத்த சிப்தான் போட்டேன். வாப்பாவின் காதுக்கு அது காணாது. சிப் செய்கிற கொம்பனியிடம் புதுசு ஒன்று மாதிரிக்கென்று கெஞ்சி வாங்கினேன். இரண்டாவது கேட்டபோது ஆயிரத்துக்குக் குறைய விற்கமாட்டோம் என்று எழுதினார்கள். அதனால்தான் நீ கழற்றிக்கொண்டு போன பிறகு வாப்பாவுக்கு இன்னொன்று செய்ய என்னால் முடியவில்லை. இலட்சக்கணக்கில் செய்கிற பெக்டரி இல்லாவிட்டால் என் மெசினும் இல்லை. உன் கட்சி பாதி வென்றது.

மற்றப் பாதி இது. சிப்பை இலட்சமாகச் செய்யலாம். காதை அப்படிச் செய்தவன் இல்லை. வரிப்பத்தான்சேனை நெல்லு மில்லில் முப்பத்தெட்டு வருஷம் மில் மெசின் இடப்பக்கம் இரைய நின்ற வாப்பாவின் காது ஒரு விதம். பாண்டிருப்பில் பள்ளிக்கூடம் படிப்பித்த ஞானராணி ரீச்சரின் காது இன்னொரு விதம். ஒருவருக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்து, ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, முகத்தைப் பார்த்து, கூட்டிக் குறைக்க வேண்டும். அந்த வேலையை இதுவரை எந்தப் பெக்டரியும் செய்யவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாப்பா உனக்குச் சம்மதம் சொன்னது எந்த வெள்ளிக்கிழமை?

வஸ்ஸலாம்.
முஸ்பிறா


கொழும்பு
20.03.2024

அன்பு ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு உங்களுக்கு இலேசாக இருக்கட்டும். ஹிமாயா உங்கள் கஞ்சியைச் சொல்லிச் சொல்லி ஏங்குகிறா.

எந்த வெள்ளி என்று ஏன் கேட்கிறீர்களோ தெரியாது. டிசம்பர் எட்டாம் திகதி. பொலநறுவையில் நின்று எடுத்தேன், அதனால் ஞாபகம். பிறகு இரண்டு தரமும் கேட்டேன், அதே பதில்தான்.

இப்போது ஒரு உதவி. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கிழக்குக் கரையில் வயதானவர்களுக்குக் கொடுக்க நாலாயிரம் மெசினுக்கு ஓடர் தந்திருக்கிறது. சீனாவில் பெக்டரி ஒத்துக்கொண்டது. உடம்பு, சிப், பற்றரி எல்லாம் சரி. உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கிற அட்டவணை மட்டும் நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எங்கள் எஞ்சினியர்மாரால் திறக்க முடியவில்லை. அந்தத் திறப்பு இலக்கத்தை அனுப்புங்கள்.

காதுக்குக் காது அட்டவணை என்று திரும்பவும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் ராத்தா. அந்த மெசினைப் போட்டிருந்த நாளில் வாப்பா போனில் என் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். நான் மெதுவாகக் கதைத்தாலும் கேட்டார். அதற்கு மேல் ஒரு மெசினிடம் என்ன வேண்டும்? நன்றாக இருக்கிற ஒன்றை நாலாயிரமாக ஆக்குவதுதான் என் வேலை.

பெருநாளைக்கு உங்களுக்குச் சாரி அனுப்புகிறேன். கண்டிப்பாக உடுக்க வேண்டும்.

உங்கள் றமீஸ்


கொழும்பு
22.04.2024

அன்பின் ராத்தாவுக்கு ஸலாம். சுகமா?

ஒரு மாதமாகப் பதில் இல்லை. சாரி கிடைத்ததா என்றுகூட எழுதவில்லை. பெக்டரிக்காரன் மே பத்தாம் திகதிக்குப் பிறகு காத்திருக்கமாட்டான். நாலாயிரம் ஏழைகளின் காது உங்கள் பிடிவாதத்தில் நிற்கிறது. அல்லாஹ்வுக்காக அனுப்புங்கள்.

றமீஸ்


கல்முனை
03.05.2024

அன்புள்ள தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. நீயும் உன் குடும்பமும் எல்லாச் சுகமும் பெற்று வாழ வேண்டும். சாரி கிடைத்தது, நல்ல நிறம். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே, யோசிக்க நாள் தேவைப்பட்டது.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. திறப்பு இலக்கத்தைத் தனித் தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். போட்டதும் அட்டவணை திறக்கும். அந்த மெசினில் வாப்பா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நீ எழுதியதுபோல, உன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்.

உன் எஞ்சினியர்மார் கைவைத்துக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள். ஒரு இலக்கத்தைக்கூட மாற்றாமல் நாலாயிரத்துக்கும் அப்படியே போடச் சொல்லு. நீ விரும்பியது அதுதானே.

என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். எல்லாம் உன் பெயரிலேயே இருக்கட்டும்.

அம்ஹாவுக்கு என் முத்தம்.

உன் அன்பு ராத்தா,
முஸ்பிறா


கொழும்பு
30.06.2024

உயிருக்கு உயிரான ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே எல்லாரும் சந்தோஷம்.

இருபத்திரண்டாம் திகதி கல்முனையில் கூட்டம் வைத்துக் கொடுத்தோம். நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்டபம் கொள்ளவில்லை. சொறிக்கல்முனையிலிருந்து, பாண்டிருப்பிலிருந்து, இறக்காமத்திலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்தார்கள். வரிசையில் வந்து ஆளுக்கொன்று காதில் மாட்டிக்கொண்டு போனார்கள். முழு வேலையும் மூன்று மணித்தியாலம். மைக்கில் நான் பேசியதை அத்தனை பேரும் கேட்டுத் தலையாட்டினார்கள். சில பேர் அழுதார்கள். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வர நினைத்தேன். மந்திரியின் ஆட்களோடு உடனே திரும்ப வேண்டி வந்துவிட்டது. கடைத் தெருவால் போனபோது உங்கள் கடை திறந்திருந்ததைக் கண்டேன்.

இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து வருஷத்தில் இருபத்து மூன்று காது. நான் ஒரு பின்னேரத்தில் நாலாயிரம்.

வெற்றியில் உங்கள் பங்கை மறக்காத தம்பி,
றமீஸ்


கொழும்பு
09.08.2024

ராத்தாவுக்கு ஸலாம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள். நான் இல்லை, நித்திரை இல்லாமல் இருக்கிறேன்.

ஜூலை நடுவிலிருந்து மெசின்கள் திரும்பி வருகின்றன. ஆயிரத்துக்கு மேல் வந்துவிட்டது. எல்லாருடைய முறைப்பாடும் ஒன்றுதான். பெண்களின் குரல் கேட்கவில்லையாம். பிள்ளைகள் கதைப்பது துண்டாக விளங்கவில்லையாம். கரண்டி விழுந்தால் காது குத்துகிறதாம். மைக்கில் நான் பேசியது மட்டும் நன்றாகக் கேட்டதாம், வீட்டுக்குப் போனால் ஒன்றுமில்லையாம். தொண்டு நிறுவனம் விசாரணை வைக்கப் போகிறது.

ஹிமாயாவின் உம்மாவுக்கும் ஒன்று போட்டேன். மாமியின் மடியிலிருந்து அம்ஹா கதைத்தால் அவவுக்கு விளங்காது. நான் ஒபிஸிலிருந்து போன் எடுத்தால் ஒரு சொல் தப்பாமல் கேட்கிறா. வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெக்டரியில் பிழை இல்லை. மூன்று முறை பார்த்தாயிற்று. அட்டவணையில் ஒரு இலக்கமும் மாறவில்லை. ராத்தா, நீங்கள் என்ன அனுப்பினீர்கள்?

றமீஸ்


கல்முனை
25.08.2024

றமீஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நித்திரை வராவிட்டால் ஆயத்துல் குர்ஸி ஓது. நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். அதாவது, ஜூலை வரைக்கும் கொண்டேன்.

நீ கேட்டதைத்தான் அனுப்பினேன். அது வாப்பாவின் இடது காது. மில் தின்ற இடத்தைக் கூட்டி, மிச்சம் இருந்த இடத்தைக் காப்பாற்றி, மற்றதையெல்லாம் குறைத்துச் செய்த அட்டவணை. அச்சிமுகம்மது என்ற ஒரு மனிசனைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது பொருந்தாது. நான் பொய் சொல்லவில்லை. காதுக்குக் காது வேறு என்று மார்ச்சில் எழுதினேன், பாடம் எடுக்க வேண்டாம் என்றாய். நீ ஒரு காதிலிருந்து கழற்றியதை நாலாயிரம் காதில் மாட்டினாய். மாட்டும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். உன்னை அந்த மேடையிலேயே விழுத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். இதை ஒளிக்க நான் தயாரில்லை.

ஒரு பிழை என்னிலும் இருக்கிறது. உன்னை மட்டும் பார்த்தேன், நாலாயிரம் பேரைப் பார்க்கவில்லை. ஞானராணி ரீச்சர் கடைக்கு வந்தா. நான் செய்து கொடுத்த பழையதை, ‘புதுசு வருது, இது வேற ஆருக்கும் உதவட்டும்’ என்று நல்ல மனதோடு கொடுத்துவிட்டு உன் மெசினை வாங்கியிருக்கிறா. ‘புள்ள, என்ட பேத்தி நிறோசா கதைக்கிறது எனக்குக் கேக்குதில்ல. நான் என்ன பாவஞ் செஞ்ச?’ என்று கேட்டா. அவ ஒரு பாவமும் செய்யவில்லை. செய்தது நீயும் நானும். இதற்கு மறுமையில் என்னிடம் கேள்வி இருக்கிறது. அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

அன்றைக்கே அவவை இருத்தி, அந்த மெசினைத் திறந்து, அவவின் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். பூட்டு என்னுடையதுதானே. இதுவரை நாற்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். உன் பெக்டரிச் சிப் நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் பார்த்து மாற்றிய பிறகு நான் பழையதில் செய்ததைவிட நன்றாகக் கேட்கிறது.

விசாரணைக்காரர்கள் என்னிடமும் வந்தார்கள். யாருடைய வேலை என்று கேட்டார்கள். உன் கடிதங்களைக் காட்டினேன். திறப்பை நீ என்னிடம் கேட்டு எழுதியது உன் கையெழுத்தில் இருக்கிறது.

வஸ்ஸலாம்.
முஸ்பிறா


கொழும்பு
10.09.2024

முஸ்பிறா ராத்தாவுக்கு,

ஸலாம் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் அஸ்ஸலாமு அலைக்கும்.

கொம்பனியிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். பத்திரிகையில் இந்த முறை என் படம் வேறு மாதிரி வந்தது. ஹிமாயா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போயிருக்கிறா. நீங்கள் கேட்டது எல்லாம் நடந்துவிட்டது. செவிடர்களை வைத்துத் தம்பியைப் பழி வாங்கினீர்கள்.

நான் செய்தது பிழை என்றால், வாப்பாவும் அதற்கு உடந்தைதான். மூன்று வெள்ளி கேட்டேன், மூன்று வெள்ளியும் ஓம் என்றார். அவர் கேட்டுத்தான் சொன்னார். அதை நீங்கள் ஏன் ஒரு கடிதத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை? அவர் ஓம் சொன்னதும் உங்களுக்குப் பொறாமையா?

ஒருக்கா போனை எடுங்கள் ராத்தா. எழுத முடியாத கதை இருக்கிறது. ஒரே ஒரு தரம்.

றமீஸ்


கல்முனை
01.10.2024

என் தம்பி றமீஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் காது சுகமா? இந்தக் கடிதத்தை யாரையாவது கொண்டு சத்தமாக வாசிப்பித்துக் கேள். உனக்குக் கேட்க வேண்டும்.

வாப்பா என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். ‘அவன் பெரிய வேலயில இரிக்கான் புள்ள, இதச் சொல்லி அவன்ட மனச ஒடச்சிராத’ என்றார். எட்டு மாதம் காப்பாற்றினேன். வாப்பாவை உடந்தை என்று எழுதினாய், இனி அந்த வாக்கு என்னைக் கட்டாது.

அட்டவணையைப் பற்றி உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. வாப்பாவின் காதில் மிச்சம் இருந்தது ஒடுங்கிய ஒரு இடம். அதற்குள் ஒருவருடைய குரலைத்தான் தெளிவாகக் கொண்டுவர முடியும் என்று அவரிடம் சொன்னேன். என் குரலைத்தான் கேட்பார் என்று நினைத்தேன், அவரைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறவள் நான்தானே. அவர் சொன்னது இது. ‘நீ கதைக்கிறத ஒன்ட மொகத்தப் பாத்து அறிஞ்சிருவன். அவன்ட மொகம் போனில இல்லயே புள்ள.’

அதனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்களை எடுத்து, மூன்று மாதம், உன் ஒவ்வொரு எழுத்தும் அவருக்கு விளங்கும்வரை கூட்டிக் குறைத்தேன். உன் மாமிக்கு உன் போன் மட்டும் கேட்பது அதனால்தான். நாலாயிரம் பேருக்கும் நீ மைக்கில் பேசியது கேட்டதும் அதனால்தான். அந்த மெசின் உன்னைக் கேட்பதற்காகச் செய்தது. அதைத்தான் நீ கழற்றிக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகு பதினைந்து வெள்ளி. வீடியோவில் எடு என்று நான் சொன்னேன், ஒபிஸ் நேரம் என்றாய். போனில் உன் படம் வந்ததும் வாப்பா எடுத்து இடது காதில் வைப்பார். மற்றக் கையில் தஸ்பீஹ். பத்து மணி உருண்டதும் ஒரு ‘ஓம் மனே, ஓம்’. திரும்பப் பத்து மணி, திரும்ப ஒரு ஓம். நீ பேசி முடித்ததும் நான் தோளில் தொடுவேன், போனைக் கீழே வைப்பார். ‘என்ன சொன்னான்?’ என்று என்னைக் கேட்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டதைச் சொல்லுவேன். டிசம்பர் எட்டு, நான் பக்கத்தில் இல்லை. வங்கிக்குப் போயிருந்தேன். நீ திரும்பக் கேட்ட மற்ற இரண்டு வெள்ளியும் நான் பக்கத்தில் நிற்காத நாள்தான். நீ சம்மதம் கேட்டதை அவர் கடைசிவரை அறியவில்லை.

கடைசி வெள்ளி, ஜனவரி பத்தொன்பது. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ இரண்டு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டாய், எனக்குத் தெரியாது. கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் போன் எப்போதோ அணைந்திருக்கிறது. வாப்பா அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். ‘ஓம் மனே, ஓம். ஓம் மனே, ஓம்.’ அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தோளில் தொட எனக்கு மனம் வரவில்லை. தஸ்பீஹ் ஒரு சுற்று முடியும்வரை நின்றேன். நாலாம் நாள் மௌத்தானார்.

திரும்பி வந்த மெசின்களைத் தொண்டு நிறுவனம் என் கடைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு காதாக மாற்றித் தருவேன் என்று ஒத்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளை வேலைக்கு எடுத்துப் பழக்குகிறேன். முடிய எத்தனை வருஷம் போனாலும் அது என் தவறுக்கு. வந்து உதவுகிறேன் என்று நீ எழுதாதே, உனக்கு இங்கே கதிரை இல்லை.

ஒரே ஒரு தரம் போனை எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தாய். சரி, வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்து எடு. நான் எடுப்பேன். வாப்பாவின் தஸ்பீஹ் என் கையில் இருக்கும். நீ மன்னிப்புக் கேள், அழு, எதை வேண்டுமானாலும் கேள். பத்து மணி உருண்டதும் நான் ‘ஓம் தம்பி, ஓம்’ என்பேன்.

வஸ்ஸலாம்.
முஸ்பிறா